'லேசான வேலை தரவும்' என்று எழுதிய சீட்டு: காலணித் தொழிற்சாலைக் கர்ப்பிணி ஒருவர் பற்றிய நிகழ்வு ஆய்வு

திருப்பத்தூர் மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் நான் மருத்துவ அலுவலராக இருந்தபோது, 2023 ஏப்ரலுக்கும் 2024 மார்ச்சுக்கும் இடையில் நடந்தது இது. சம்பந்தப்பட்ட பெண்ணின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். தொழிற்சாலையின் பெயரும் ஊரின் பெயரும் இதில் இல்லை. என் தவறு ஒன்று இதில் இருக்கிறது, அதை மாற்றாமல் அப்படியே எழுதியிருக்கிறேன்.

பின்னணி

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் தோலும் காலணியும்தான் வீட்டுக்கு வீடு அடுப்பெரிய வைக்கும் தொழில். காலணி ஆலைகளில் மேல்பாகம் தயாரிக்கும் பிரிவுகளில் பெரும்பாலும் பெண்கள். விடிந்ததும் சோற்றுக் கேரியரோடு கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்களை எல்லா ஊர் முனையிலும் பார்க்கலாம்.

இவருக்கு அப்போது 24 வயது. பிளஸ் டூ முடித்தவர். 2021 முதல் ஒப்பந்ததாரர் மூலம் ஒரு காலணி ஆலையில் வேலை. கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். 2022-இல் ஒன்பதாவது வாரத்தில் ஒரு கரு கலைந்திருந்தது. சம்பளத்தில் பிஎஃப், இஎஸ்ஐ (தொழிலாளர் அரசு காப்பீடு) இரண்டும் பிடித்தம் உண்டு. ஆனாலும் கர்ப்பப் பதிவுக்கு இஎஸ்ஐ மருந்தகம் போகாமல் எங்களிடம் வந்தார். நாங்கள் பக்கத்தில் இருந்தோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்க்கான பதிவும் எங்களிடம்தான். இப்படி இரண்டு அமைப்புகளுக்கு நடுவில் நிற்கும் தொழிலாளிப் பெண்கள் இங்கே நிறையப் பேர். பின்னால் வந்த குழப்பத்தில் பாதி இதிலிருந்து வந்தது.

முதல் சந்திப்பு: 11-ஆம் வாரம்

கர்ப்பிணிகள் பரிசோதனை நாள். கூட்டம் வராந்தாவைத் தாண்டி வேப்பமரம்வரை இருந்தது. அட்டையில் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதியிருந்தது. வாந்தி, தலைவலி, சோர்வு என்றார். ரத்த அழுத்தம் சரியாக இருந்தது. ஹீமோகுளோபின் 9.8. எங்களுக்குள் நடந்த பேச்சு இவ்வளவுதான்:

"என்ன வேலைம்மா?"

"கம்பெனி மேடம்."

"நின்னுக்கிட்டா, உட்கார்ந்தா?"

"நின்னுக்கிட்டுதான்."

வாந்திக்கு மாத்திரை எழுதினேன். ரத்தசோகைக்கு உணவு பற்றிச் சொன்னேன். முன்பு ஒரு கரு கலைந்திருந்ததால் கொஞ்சம் கவனமாக இருக்கட்டும் என்று நானாகவே ஒரு சீட்டும் கொடுத்தேன். "இவர் கர்ப்பிணி. லேசான வேலை தரவும்." கையெழுத்து, முத்திரை, தேதி. நல்லது செய்தோம் என்ற நிறைவோடு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

மூன்று விஷயங்கள் என் கண்ணில் படாமல் போயின. வாந்தி காலையில் வந்தது, தலைவலியோ பிற்பகல் மூன்று மணிக்கு மேல்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தலைவலி இல்லை. அவர் சேலையிலும் விரல்களிலும் லேசாகத் தின்னர் வாசம் இருந்தது. அதைக் கவனித்தவர் எனக்கு உதவியாக நின்ற செவிலியர். அந்த நெரிசலில் அதைச் சொல்ல அவருக்கு வாய்க்கவில்லை.

சீட்டு செய்த வேலை

மறுநாள் காலை அவர் சீட்டைச் சூப்பர்வைசரிடம் கொடுத்திருக்கிறார். அது அலுவலகத்துக்குப் போனது. மதியம் பதில் வந்தது: "இங்க லேசான வேலைன்னு ஒண்ணும் கிடையாதும்மா. உடம்பைப் பார்த்துக்க. பிள்ளை பெத்துட்டு வா."

திட்டவில்லை, விரட்டவும் இல்லை. அக்கறையாகச் சொல்வது போலவே சொல்லி வெளியே அனுப்பிவிட்டார்கள். ஒன்பது நாள் சம்பளமில்லாமல் வீட்டில் இருந்தார். குழுக் கடன் தவணை வந்தது. பத்தாம் நாள் திரும்பிப் போய், "டாக்டர் மறுபடி பார்த்துட்டு எல்லா வேலையும் செய்யலாம்னு சொல்லிட்டாங்க" என்று ஒரு பொய் சொல்லி அதே மேசையில் நின்றுகொண்டார். அடுத்த மாதப் பரிசோதனைக்கு எங்களிடம் வரவில்லை. வந்தால் இன்னொரு சீட்டு எழுதிவிடுவேனோ என்று பயந்ததாகப் பின்னாளில் சொன்னார்.

மருத்துவர் கையெழுத்திட்ட ஒரு வரி, ஒரு பெண்ணைத் தன் மருத்துவரிடமிருந்தே ஒளியவைத்துவிட்டது. இதைவிடப் பெரிய தோல்வி பரிசோதனை மேசையில் வேறு இருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

வீட்டுத் திண்ணையில்: 16-ஆம் வாரம்

பரிசோதனைக்கு வராதவர் பட்டியலை எடுத்துக்கொண்டு கிராம சுகாதார செவிலியர் ஒரு ஞாயிறு மாலை அவர் வீட்டுக்குப் போனார். அந்த ஊரில் பல வருடம் வேலை பார்த்தவர். ஏன் வரவில்லை என்று கேட்காமல், "கம்பெனில காலைல போனதும் மொதல்ல என்ன பண்ணுவே, சொல்லு" என்று ஆரம்பித்திருக்கிறார். அரை மணி நேரத்தில் எல்லாம் வெளியே வந்தது.

அவர் வேலை பேஸ்டிங். வெட்டி வந்த தோல் துண்டுகளின் ஓரத்தில் பிரஷ்ஷால் பசை தடவி, மடக்கி, தையலுக்கு அனுப்ப வேண்டும். பசைக்கு அங்கே 'சொல்யூஷன்' என்று பெயர். பெரிய டின்னிலிருந்து கிண்ணத்தில் ஊற்றி மேசையில் வைப்பார்கள். கிண்ணம் நாள் முழுக்கத் திறந்தே இருக்கும். கெட்டியானால் தின்னர் ஊற்றிக் கலக்குவார்கள். ஒரு மேசையில் எட்டுப் பேர். கையில் ஒட்டிய பசையைக் கழுவவும் அதே தின்னர்தான். கையுறை போட்டால் தோல் ஓரம் பிடிபடாது, டார்கெட் போய்விடும். முகத்தில் துணி மாஸ்க். காற்றை இழுக்கும் மின்விசிறி எதிர்ச் சுவரில் இருந்ததால், கிண்ணத்திலிருந்து எழும் ஆவி இவர்கள் முகத்தைக் கடந்துதான் வெளியே போகும். கழிப்பறைக்குப் போக லைனை விட்டு எழுந்தால் வேலை தேங்கும் என்பதால் மதியம்வரை தண்ணீர் குடிப்பதில்லை. சிறுநீர் எரிச்சல் இரண்டு வாரமாக இருந்தது. அதைப் பற்றி எங்களில் யாரும் கேட்டதும் இல்லை.

"வாசனை அடிக்கலையா?" என்று செவிலியர் கேட்டதற்கு, "மொத வாரம் அடிச்சுது, அப்புறம் தெரியலக்கா" என்றாராம். மூக்கு பழகிவிடும், ஆவியின் அளவு குறையாது. வாசனை போய்விட்டதால் ஆபத்தும் போய்விட்டது என்று தொழிலாளர்கள் நம்புவது இங்கே சகஜம்.

செவிலியர் ஒரே ஒரு காரியம் கேட்டார்: "அந்த டின்னுல என்ன எழுதியிருக்குன்னு போட்டோ எடுத்துட்டு வர முடியுமா?" ஸ்டோரில் வேலை பார்க்கும் பையன் எடுத்துக் கொடுத்தான்.

டின் லேபிளும் இரண்டாம் உரையாடலும்

அந்தப் படத்தை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். உட்பொருள்களில் டொலுயீன் என்ற கரைப்பான் இருந்தது. தீச்சுடர் படத்துக்குப் பக்கத்தில், மார்பில் வெடிப்பு போட்ட மனித உருவம். நீண்டகால உடல்நலக் கேட்டுக்கான சர்வதேசக் குறியீடு அது. கீழே பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி. அதன் பொருள்: கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு செய்யக்கூடும் என்று சந்தேகிக்கப்படுகிறது. இரண்டு வருடமாக அந்த டின்னிலிருந்துதான் அவர் மேசைக்குப் பசை வந்துகொண்டிருந்தது. டின் ஸ்டோரிலும் கிண்ணம் மேசையிலும் இருந்ததால் லேபிள் அவர் கண்ணில் பட்டதே இல்லை.

இந்த முறை கூட்டம் கலைந்த பிறகு, மதியம் இரண்டு மணிக்கு வரச் சொன்னோம். கணவரும் வந்தார். நான் முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு மருந்து பற்றியோ சட்டம் பற்றியோ பேசும் முன் ஒன்று கேட்டேன்: "இந்த வேலை போனா வீட்ல என்ன ஆகும்?" முதல் சந்திப்பில் நான் கேட்டிருக்க வேண்டியதும் இதைத்தான். அந்தப் பதில் தெரியாமல் எழுதும் எந்தச் சான்றும் குருட்டுத்தனமானது.

அவர் கேட்ட கேள்வி என்னை நெடுநேரம் யோசிக்கவைத்தது. "போன தடவை கலைஞ்சதுக்கு இதுதான் காரணமா மேடம்?"

இரண்டு பக்கமும் பொய் சொல்லத் தோன்றும் கேள்வி அது. 'இல்லவே இல்லை' என்றால் அவர் மனம் ஆறும். 'ஆமாம்' என்றால் வேலையை விட்டுவிடுவார். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னேன். உறுதியான கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபதுவரை கலைகின்றன. பெரும்பாலும் கருவின் குரோமோசோம் கோளாறால், அதில் தாய் செய்த தவறு எதுவும் இல்லை. கரைப்பான்களை அதிகம் சுவாசித்த தொழிலாளர்களிடம் கருச்சிதைவு கூடுதலாக இருந்ததாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. டொலுயீன் நச்சுக்கொடியைத் தாண்டிக் கருவை அடையும். உங்களுக்கு நடந்தது எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது. நீங்கள் செய்த தப்பு அதில் எதுவும் இல்லை. அவர் அழுதார். கணவர் அவர் தோளில் கை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எடுத்த முடிவும் காரணமும்

எங்கள் முன் நான்கு வழிகள் இருந்தன.

வேலையை உடனே விடுவது: உடலுக்குப் பாதுகாப்பானது, வீட்டுக்குக் கட்டாது. அவரே வேண்டாம் என்றார். நல்ல முகக்கவசம் வாங்கித் தருவது: துணி மாஸ்க்கோ மருத்துவமனை மாஸ்க்கோ ஆவியைத் தடுக்காது; அதற்கு உரிய கார்பன் வடிகட்டி பொருத்திய கவசத்தை ஷிஃப்ட் முழுக்க மாட்டிக்கொண்டு ஒரு கர்ப்பிணி நிற்பது கடினம். அதோடு தோல்வழிப் பாதிப்புக்கு அது பதிலாகாது. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் புகார் கொடுப்பது: 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, புகையும் ஆவியும் தொழிலாளர் மூச்சில் சேராதபடி அவை எழும் இடத்துக்கு அருகிலேயே உறிஞ்சி வெளியேற்ற வேண்டும் என்கிறது. அங்கே அப்படி இல்லை என்பது அவர் சொன்னதிலிருந்தே தெரிந்தது. ஆனால் புகார் போனால் யார் சொன்னது என்று ஆலைக்கு ஒரு நாளில் தெரிந்துவிடும். அவருக்கு இது வேண்டாம். அவர் சம்மதமில்லாமல் நாங்கள் செய்யவில்லை. நான்காவது, அதே ஆலையில் வேறு இடத்துக்கு மாறுவது. அவர் தேர்ந்தெடுத்தது இதைத்தான்.

சான்றை எப்படி எழுதுவது என்பதில்தான் நேரம் போனது. ஆலையில் உண்மையில் என்னென்ன வேலை உண்டு என்று அவரையே சொல்லச் சொன்னோம். நூல் வெட்டுவது, செக்கிங், லேபிள் ஒட்டுவது, பெட்டியில் அடுக்குவது. இவற்றில் நூல் வெட்டுவதும் செக்கிங்கும் வேறு ஹாலில், ஸ்டூலில் உட்கார்ந்து செய்பவை. புதிய சான்று இப்படி அமைந்தது:

"இவர் 17 வாரக் கர்ப்பிணி. வேலைக்கு வர உடல்தகுதி உள்ளவர், தொடர்ந்து வேலை செய்யலாம். கரைப்பான் கலந்த பசையும் தின்னரும் திறந்திருக்கும் அறையில் இவருக்கு வேலை தர வேண்டாம். கை கழுவத் தின்னர் பயன்படுத்தக் கூடாது. நூல் வெட்டுதல், செக்கிங் ஆகியவற்றைச் செய்யலாம். உட்கார்ந்து செய்ய வசதி தேவை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர் குடிக்கவும் கழிப்பறை செல்லவும் அனுமதி தேவை. மகப்பேறு விடுப்பு தொடங்கும்வரை இது பொருந்தும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்யப்படும்."

'தொடர்ந்து வேலை செய்யலாம்' என்பது முதலில் வருகிறது. செய்யக்கூடாததோடு செய்யக்கூடியதும் இருக்கிறது. எதுவரை என்பதும் இருக்கிறது. முந்தைய கருச்சிதைவு பற்றி ஒரு சொல் இல்லை. அது ஆலைக்குத் தெரிய வேண்டியதில்லை என்று அவர் சொன்னார், சரியாகச் சொன்னார்.

சட்டப் பக்கத்தில் நான் இன்னொரு தவறு செய்ய இருந்தேன். 1961-ஆம் ஆண்டு மகப்பேறு பலன் சட்டத்தில் கடினமான வேலை, நெடுநேரம் நிற்கும் வேலை தரக் கூடாது என்ற விதி உண்டு என்று படித்திருந்தேன். அதைச் சான்றில் மேற்கோள் காட்ட நினைத்தேன். தொழிலாளர் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் கேட்டபோது, இஎஸ்ஐ சட்டம் பொருந்தும் ஆலைகளுக்கு அந்தச் சட்டத்தின் பெரும்பகுதி பொருந்தாது, பொருந்தினாலும் அந்த விதியால் இவருக்கு இப்போது பெரிய பயனில்லை, அது பிரசவத்துக்கு முந்தைய கடைசி வாரங்களுக்குத்தான் என்று விளக்கினார். தவறான சட்டத்தைக் காட்டியிருந்தால் ஆலை அலுவலகம் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு மொத்தச் சான்றையும் தள்ளியிருக்கும். நாங்கள் சட்டம் எதையும் எழுதாமல் மருத்துவக் காரணத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

அவருக்கு உண்மையில் துணை நின்றது இஎஸ்ஐதான். முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் (ஒவ்வொன்றும் ஆறு மாதம்) 70 நாள் பிடித்தம் இருந்தால் 26 வாரம் முழுச் சராசரிக் கூலி. அந்த நிபந்தனை அவருக்கு ஏற்கனவே நிறைவேறியிருந்தது. இடையில் வேலை விட்டுப் போனால் எல்லாம் போய்விடும் என்ற பயத்தில்தான் அவர் பசை மேசையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். நிபந்தனை நிறைவேறிவிட்டது என்பதை அவரிடம் யாருமே சொல்லியிருக்கவில்லை. கர்ப்பத்தால் வரும் உடல்நலக் குறைவுக்கு முறையான சான்றோடு விடுப்பில் இருப்பவரை அந்த நாட்களில் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று இஎஸ்ஐ சட்டத்தின் 73-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அதற்கான சான்றை இஎஸ்ஐ மருத்துவரிடமிருந்து பெறுவதுதான் முறை. என் முத்திரை அங்கே செல்லாது. அதனால் எங்கள் பரிசோதனை விவரங்களோடு அவரை இஎஸ்ஐ மருந்தகத்துக்கும் அனுப்பினோம். அங்கிருந்த மருத்துவர் எங்கள் சான்றைப் படித்துவிட்டு அதே வாசகத்தில் தன் சான்றையும் தந்தார்.

(இங்கே சொன்ன சட்டப் பிரிவுகள் 2023-இல் நடப்பிலிருந்தவை. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருப்பதால் இன்று பிரிவு எண்களைப் புதிதாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.)

பிறகு நடந்தது

நான்காம் நாள் மாற்றம் கிடைத்தது. ஆனால் செக்கிங் மேசை ஒன்றை பேஸ்டிங் ஹாலின் மூலையிலேயே போட்டு உட்காரவைத்திருந்தார்கள். கிண்ணத்தைத் தொடவில்லை, ஆவி மட்டும் அதே ஆவி. தலைவலி நிற்கவில்லை என்று அவர் செவிலியரிடம் போனில் சொன்னதால்தான் தெரிந்தது. அவர் சம்மதத்தோடு நான் ஆலை அலுவலகத்துக்குப் பேசினேன். சான்றில் 'அறை' என்று எழுதியிருப்பதைச் சுட்டிக்காட்டினேன். மறுமுனையில் இருந்தவர் மரியாதையாகவே கேட்டார், இரண்டு நாளில் வேறு ஹாலுக்கு மாற்றினார்கள். ஒரு வாரத்தில் பிற்பகல் தலைவலி போயிற்று. சிறுநீர்த் தொற்றுக்கு மருந்து கொடுத்துக் குணமானது. பேஸ்டிங்கில் டார்கெட்டுக்காகக் கிடைத்த படித்தொகை நின்றது. மாதம் எண்ணூறு ரூபாய் அளவுக்கு இழப்பு. அதை ஈடுசெய்ய எங்களுக்கு வழி தெரியவில்லை.

செப்டம்பர் நடுவில் விடுப்பு எடுத்தார். அக்டோபரில், 38 வாரம் முடிந்து, 2.7 கிலோ எடையில் பெண் குழந்தை. சுகப்பிரசவம். நாங்கள் செய்த மாற்றத்தால்தான் குழந்தை நலமாகப் பிறந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு பிரசவத்தை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. உறுப்புகள் உருவாகும் முக்கியமான வாரங்கள் அவர் எங்களிடம் வரும் முன்பே ஏறக்குறைய முடிந்துவிட்டிருந்தன.

2024 மார்ச்சில் திரும்பிப் போனபோது ஒப்பந்ததாரர் புதிய ஆளாகச் சேரச் சொன்னார். பழைய இஎஸ்ஐ எண்ணைக் காட்டி, விடுப்பு முறையாக எடுத்தது என்று தாள்களை நீட்டியதும் பழையபடி சேர்த்துக்கொண்டார்கள். தாள்களை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தார். செவிலியர் சொல்லிக் கொடுத்தது அது.

ஆறாத ஒன்று உண்டு. மே மாதம் இவர் எழுந்த இடத்தில் மறுநாளே இருபது வயதுப் பெண் ஒருவரை நிறுத்தினார்கள். கல்யாணமாகி இரண்டு மாதம். நாங்கள் ஒருவரை மேசையிலிருந்து எழுப்பினோம். மேசையும் கிண்ணமும் மின்விசிறியும் இருந்த இடத்திலேயே இருந்தன. குழந்தைக்கு 14-ஆம் வாரத் தடுப்பூசி போட வந்தபோது, அந்தப் பெண்ணையும் கூட அழைத்து வந்திருந்தார். "இவளுக்கும் அந்த டின்னைப் பத்திச் சொல்லுங்க மேடம்" என்றார். கர்ப்பத்துக்கு முன்பே வேலையைப் பற்றி என்னிடம் கேட்க வந்த முதல் பெண் அவர். அவருக்கு ஃபோலிக் அமில மாத்திரை கொடுத்து, தின்னரில் கை கழுவுவதை நிறுத்தச் சொல்லி, நாள் தள்ளினால் உடனே வரச் சொல்லி அனுப்பினோம்.

அடுத்த முறை மாற்றிச் செய்ய வேண்டியவை

'என்ன வேலை' என்ற கேள்வியை விட்டுவிட்டேன். 'காலையில் போனதும் என்ன செய்வீர்கள், கையில் என்ன படும், என்ன வாசம் அடிக்கும், லீவு நாளில் உடம்பு எப்படி இருக்கிறது' என்று கேட்கிறேன். இரண்டு நிமிடம் அதிகம் ஆகிறது. கூட்டமான நாளில் அந்த இரண்டு நிமிடம் எனக்குக் கிடைப்பதில்லை, அதனால் கேள்விகளைச் செவிலியர் வரிசையிலேயே கேட்டு அட்டையின் ஓரத்தில் எழுதிவிடுகிறார். 'கூலி' என்று எழுதுவதை நிறுத்திவிட்டோம். பேஸ்டிங், சாயப்பட்டறை, செங்கல் சூளை, பீடி என்று எழுதுகிறோம்.

சான்று தரும் முன் அது வேண்டுமா என்று அவரிடம் கேட்கிறேன். சிலர் வேண்டாம் என்கிறார்கள். அப்போது சான்று இல்லாமலே செய்யக்கூடியதைப் பேசுகிறோம்: கிண்ணத்துக்கு மூடி, சோப்பில் கை கழுவுவது, சாப்பிடும் முன் மேல்துணியை மாற்றுவது, ஜன்னல் பக்கத்து இடம்.

புகார் விஷயத்தில் நான் இன்னும் தெளிவாக இல்லை. அவர் பெயர் வராதபடி, வட்டாரத்து ஆலைகள் எல்லாவற்றுக்கும் பொதுவாகக் காற்றோட்ட ஆய்வு கேட்டு வட்டார மருத்துவ அலுவலர் வழியாக அப்போதே எழுதியிருக்கலாம். அந்த இருபது வயதுப் பெண் வந்த பிறகுதான் எழுதினேன். எட்டு மாதம் தாமதம். அந்த எட்டு மாதமும் எட்டுப் பேர் அந்த மேசையைச் சுற்றி நின்றார்கள்.